எட்டாம் பொட்டலம்

மூலிகைக் கிடங்கு நடத்தும் அந்த அம்மாளை வியாபாரத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மூக்கக்கா. மூக்கு ஒன்றும் அளவில் பெரிதில்லை. ஆனால் ஒரு மூட்டையின் வாயைக் கொஞ்சம் பிரித்து மோந்து பார்த்து, ஒரு குச்சியைக் கடித்துத் துப்பினார் என்றால், உள்ளே இருப்பது என்ன, மழைக்கு முன் பறித்ததா பின் பறித்ததா, நிழலில் காய்ந்ததா வெயிலில் காய்ந்ததா என்று சொல்லிவிடுவார். அவர் தலையாட்டிய சரக்கை மருந்துக் கம்பெனிகள் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டன. இருபத்தாறு வருஷத்தில் ஒரு மூட்டைகூடத் திரும்பி வந்ததில்லை.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கிடங்கு வாசலில் ஒரு லாரி வந்து நின்று, போன மாதம் அனுப்பிய கீழாநெல்லி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கியபோது, அவருக்கு முதலில் கோபம்கூட வரவில்லை.

"தம்பி, இடம் மாறி வந்துட்டீங்க" என்றார் டிரைவரிடம்.

டிரைவர் ஒரு உறையை நீட்டினார். மூக்கக்கா கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டிருந்தார். உறையை எடுத்துக்கொண்டு வீட்டின் முன்னறைக்குப் போனார். அங்கே அவர் வீட்டுக்காரர், வாயில் நாலு குண்டூசியைக் கடித்தபடி, யாருடைய கோட்டுக்கோ கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்டில் குத்திவிட்டுத்தான் தையல்காரர் கடிதத்தை வாசித்தார்.

"கீழாநெல்லி என்று அனுப்பப்பட்ட சரக்கில் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கலந்துள்ளது. டி.என்.ஏ. பார்கோடு சோதனையில் இது உறுதி செய்யப்பட்டது."

"பார்கோடா? சோப்பு உறை மேல கோடு கோடா இருக்குமே, அதுவா? என் மூட்டை மேல யாரு கோடு போட்டது?"

"அது இருக்கட்டும். கீழ கையெழுத்து யாரோடதுன்னு பாரு."

மூக்கக்கா காகிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். முந்தாநாள் அச்சகத்திலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் தாயார் என்று போட்டிருந்த அதே பெயர்.

"நம்ம சம்பந்தியா?"

"சம்பந்தியேதான்."

அவர்களுடைய ஒரே மகன் பாலம் கட்டும் இஞ்சினியர். பெண் பல் டாக்டர். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லி, கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. பெண்ணின் அம்மா ஏதோ ஒரு சோதனைக்கூடத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார் என்பது மூக்கக்காவுக்குத் தெரியும். எதைச் சோதிக்கிறார் என்று மூக்கக்காவும் கேட்கவில்லை, சம்பந்தியும் சொல்லவில்லை.

விஷயம் எப்படியோ தெரிந்து மகன் போன் செய்தான். "அம்மா, அது அவங்க வேலைம்மா. நீ அங்க போய் எதையாவது பேசி வச்சுடாத."

"நான் எங்கடா போறேன்? வீட்டுலதான் இருக்கேன்" என்றார் மூக்கக்கா. அப்போதே அவர் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டு, இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

சோதனைக்கூடம் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே வரவேற்பு மேஜை, அதன் பக்கத்தில் அகல இலையுள்ள ஒரு தொட்டிச் செடி. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், பெயரையும் நேரத்தையும் எழுதச் சொன்னாள். மூக்கக்கா நேரத்தை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்தார்.

சம்பந்தி வெள்ளைக் கோட்டும் தலையில் வலைத்தொப்பியுமாக வெளியே வந்தார். பெண் பார்க்கப் போன அன்று பார்த்த முகம்தான், ஆனால் இங்கே ஆள் ஒரு பிடி உயரமாகத் தெரிந்தார்.

"வாங்க சம்பந்தி. ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

"சொல்லிட்டு வந்து, நீங்க லீவு போட்டுட்டா?"

சம்பந்தி சிரிக்கவில்லை. தன் அறைக்குக் கூட்டிப் போய், கதவைச் சாத்தி, தண்ணீர் வைத்தார். "எங்களுக்கு வர்ற பொட்டலத்துல பேரு இருக்காது, நம்பர்தான் இருக்கும். இது நூத்திப் பதினாலு. உங்க சரக்குன்னு கம்பெனிக்காரங்க சொல்லி நேத்துதான் எனக்கே தெரியும்."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

கொஞ்சம் யோசித்தார் சம்பந்தி. "வேற ஆள் கிட்ட குடுத்திருப்பேன். ரிசல்ட்டு மாறியிருக்காது."

மழுப்புவார், சமாதானம் சொல்வார் என்று நினைத்து வந்த மூக்கக்காவுக்கு இந்தப் பதில் சப்பென்று ஆகிவிட்டது. சண்டை போட வந்தவருக்குச் சண்டை கிடைக்காவிட்டால் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியாது. "சரி, அது என்ன கோடு, அதையாவது சொல்லுங்க" என்றார்.

"ஒவ்வொரு செடியோட உடம்புக்குள்ளயும் நாலே எழுத்துல எழுதின மாதிரி ஒரு நீள வரிசை இருக்கு. முழுசையும் படிக்க வேணாம், ஒரு சின்னத் துண்டு போதும். அந்தத் துண்டு செடிக்குச் செடி மாறும். கடைல கோட்டப் படிச்சு மெஷின் இது சோப்பு, இது பேஸ்ட்டுன்னு சொல்லுதில்ல, அது மாதிரி. காய வச்சாலும் பொடி பண்ணினாலும் பெரும்பாலும் அது அழியாது. உங்க மூட்டைலேருந்து முப்பது குச்சியத் தனித்தனியா எடுத்துப் படிச்சோம். பதினொண்ணு கீழாநெல்லி இல்ல."

"அந்த மெஷினுக்கு மோந்து பாக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"கடிச்சுப் பாக்க?"

"அதுவும் தெரியாது."

"அப்ப அதுக்கு ஒரு பரீட்சை வைக்கணும். நான் பொட்டலம் கொண்டு வரேன். உள்ள என்னன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அது சொல்லட்டும் பாப்போம்."

அப்போதுதான் சம்பந்தியின் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. அதுவும் சும்மா சிரிப்பில்லை, தின்பண்டத்தைக் கண்ட குழந்தையின் சிரிப்பு. "கொண்டாங்க சம்பந்தி. எத்தனை வேணா கொண்டாங்க."

அன்றே வேலை தொடங்கிவிட்டது. டீ குடிக்கிறேன் என்று அங்கிருந்த சமையல் மூலைக்குள் போன மூக்கக்கா, டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் டீத்தூளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். வெளியே போகும்போது வரவேற்பிலிருந்த தொட்டிச் செடியை லேசாகத் தொட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக். அவருக்கு உள்ளுக்குள் குதூகலம் தாங்கவில்லை. மேஜைக்காரப் பெண் குனிந்த நேரம் பார்த்து ஒரு இலை நுனி கைப்பைக்குள் போயிற்று.

மறுநாள் முழுக்க வீட்டில் மிக்ஸி ஓடியது. முதல் பொட்டலத்துக்குக் கிடங்கு முற்றத்தில் தானே வளர்த்த கீழாநெல்லி, இரண்டாவதுக்கு அதன் பக்கத்திலேயே முளைக்கும் சிவப்புக் கீழாநெல்லி, மூன்றாவதுக்குச் சோதனைக்கூடத்து டீத்தூள், நாலாவதுக்குக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கின பிளாஸ்டிக் இலை. ஐந்தாவதுக்கு, தையல்காரர் ஆறு வருஷமாக வயிற்றுக்கு என்று யாரோ ஒருவரிடம் வாங்கித் தின்னும் பச்சைப் பொடி. வீட்டிலேயே கிடங்கு இருக்க வெளியே பொடி வாங்குகிற மனுஷன் மேல் மூக்கக்காவுக்கு ஆறு வருஷத்துக் கடுப்பு. ஆறாவது புதினா. ஏழாவது வீட்டுப் புல் விளக்குமாற்றின் குச்சி.

"ஒவ்வொரு தடவையும் மிக்ஸிய ஏன் இப்படித் தேய்ச்சுக் கழுவற?" என்று கேட்டார் தையல்காரர்.

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கக்கூடாதுல்ல? பரீட்சைன்னா பரீட்சை."

எட்டாவதுக்குத்தான் அவர் வெகுநேரம் யோசித்தார். ஊருக்கு வெளியே ரயில் பாதை ஓரத்துக் கல்லாங்காட்டில், தரையோடு தரையாக ஒரு செடி இருக்கும். பார்வைக்குக் கீழாநெல்லிக்குத் தங்கை போல, ஆனால் விரல் நீளத்துக்கு மேல் வளராது. கடித்தால் கசப்புக்குப் பின்னால் ஒரு புளிப்பு. அதற்குப் பேர் என்னவென்று யாருக்கும் தெரியாததால் குட்டைச்சி என்று அவரே வைத்துக்கொண்டார். ஆட்டோ பிடித்துப் போய் நாலு செடி பிடுங்கி வந்து, வெயிலில் காயவைத்துப் பொடித்தார்.

வியாழக்கிழமை எட்டுப் பொட்டலங்களும் சோதனைக்கூடத்துக்குப் போயின. எதில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டின உறையை மேஜைக்காரப் பெண்ணிடம் கொடுத்து, மேலே தன் கையெழுத்தையும் போட்டார் மூக்கக்கா. சம்பந்தி அவருக்கும் ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார். அது கணுக்கால் வரை வந்தது. வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது, ஏதோ ஒரு பெரிய ஆளைப் பார்ப்பது போலத்தான் அவருக்கே இருந்தது.

சம்பந்தியின் கை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் ஒரு சிட்டிகை. அதைச் சின்னக் கல்வத்தில் அரைத்து, விரல் நுனி அளவுள்ள குழாயில் போட்டு, ஏதோ நீரைச் சொட்டு சொட்டாக விட்டு, சூடுகாட்டி, கிறுகிறுவென்று சுற்றும் பெட்டியில் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் உறிஞ்சி வேறு குழாய்க்கு மாற்றி, மறுபடி சுற்றி. ஒவ்வொன்றுக்கும் உறிஞ்சுகுழலில் புது முனை, புதுக் கையுறை. கடைசியில் குழாயின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்தான் நின்றது.

"இவ்வளவு இடிச்சதுக்கு இதுதானா?"

"இதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு. இனி நமக்கு வேண்டிய துண்ட மட்டும் மெஷின் கோடிக்கணக்குல நகல் எடுக்கும்."

மூக்கக்கா குழாய்களை எண்ணினார். எட்டுக்குப் பதில் ஒன்பது இருந்தன.

"ஒம்பதாவது யாருது?"

"அது எனக்கு. வெறும் தண்ணி. செடி எதுவும் போடாம, மத்ததுக்கு என்னென்ன பண்ணேனோ அத்தனையும் இதுக்கும் பண்ணியிருக்கேன். என் கையிலேருந்தோ காத்துலேருந்தோ ஏதாவது விழுந்திருந்தா இதுல காட்டிக் குடுத்துடும். அப்படி வந்தா, பண்ணின எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்லேருந்து பண்ணணும்."

"ஒவ்வொரு தடவையுமா? இத்தனை வருஷத்துக்கு அப்புறமும்?"

"ஒவ்வொரு தடவையும்" என்றார் சம்பந்தி. அதில் பெருமை எதுவும் இல்லை. கை கழுவுகிறேன் என்று சொல்வது போலச் சொன்னார்.

போன மாதம் அந்தக் கீழாநெல்லி மூட்டைகள் வந்த வாரம் மூக்கக்காவின் நினைவுக்கு வந்தது. அந்த வாரம் அவருக்குக் கடுமையான ஜலதோஷம். காபிக்கும் கஷாயத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கடித்துப் பார்த்தால் நாக்கு மரக்கட்டையாக இருந்தது. ஆனாலும் ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, அவர் மூட்டை வாயைப் பிரித்து, வழக்கம் போல மோந்து, வழக்கம் போலத் தலையாட்டினார். மூக்கக்காவுக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அதை அவர் தையல்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் சம்பந்தி கண்ணாடி போன்ற ஒரு ஜெல்லித் தகட்டை விளக்கின் மேல் வைத்துக் காட்டினார். நகல் எடுக்க முடிந்த ஒவ்வொரு குழாய்க்கும் ஒன்றாக, வரிசையாகப் பிரகாசமான கோடுகள். நாலாவது இடம் காலி. ஒன்பதாவதும் காலி. ஒன்பதாவதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிய சம்பந்தி, நாலாவதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"நாலுல என்ன வச்சீங்க?"

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றார் மூக்கக்கா, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

எழுத்துகளைப் படித்துச் சொல்லும் மெஷின் வேறு இடத்தில் இருந்தது. திங்கட்கிழமைதான் முடிவு வந்தது. அதற்குள் செய்தி பரவி, கண்ணாடிக் குழாய்களைக் கழுவுகிறவர் முதல் மேலதிகாரி வரை பத்துப் பன்னிரண்டு பேர் அறையில் கூடிவிட்டார்கள். சம்பந்தி வாசிக்க, மேஜைக்காரப் பெண் உறையைப் பிரித்துச் சரிபார்த்தாள்.

"ஒண்ணு, கீழாநெல்லி."

"சரி."

"ரெண்டு, சிவப்புக் கீழாநெல்லி. உங்க மூட்டைல கலந்திருந்ததும் இதுதான் சம்பந்தி."

மேஜைக்காரப் பெண் அதற்கும் தலையாட்டினாள்.

"மூணு, டீ. நம்ம டீயா இது?"

"உங்க டீதான். கலப்படம் இல்ல, பயப்படாதீங்க."

"நாலுல ஒண்ணுமே வரல. ரெண்டு தடவை பண்ணிட்டேன். இதுல உயிர் இருந்ததுக்கான தடமே இல்ல."

மேஜைக்காரப் பெண் உறைக்குள் இருந்த காகிதத்தைப் பார்த்தாள், திரும்பித் தன் மேஜைப் பக்கம் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். "மேடம், அது நம்ம வரவேற்புல இருக்கற பிளாஸ்டிக் செடி."

அறை முழுக்கச் சிரிப்பு. மேலதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்தாவது வந்தது. "முள்ளங்கி இலைதான் பெரும்பங்கு. கொஞ்சம் கொத்தமல்லி" என்றார் சம்பந்தி. மூக்கக்கா அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"என்னங்க, ஆறு வருஷமா நீங்க தின்னது முள்ளங்கித் தழை."

போனில் தையல் மெஷின் நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு தையல்காரரின் குரல் வந்தது. "இருந்தாலும் என் வயித்துக்குக் கேக்குதே."

ஆறாவதும் ஏழாவதும் சரி. விளக்குமாறு எந்தப் புல்லிலிருந்து செய்தது என்பதுவரை மெஷின் சொல்லிவிட்டது. எட்டாவதுக்கு வந்தபோது சம்பந்தி காகிதத்தைக் கீழே வைத்தார்.

"எட்டு என்னன்னு எனக்குத் தெரியல."

சம்பந்தி காகிதத்தை மூக்கக்கா பக்கம் திருப்பி வைத்தார்.

"படிக்கறதுக்கு நல்லாத்தான் வந்தது. ஆனா எங்க நூலகத்துல இருக்கற எதோடயும் சேரல. கீழாநெல்லிக்குச் சொந்தம்னு மட்டும் சொல்லலாம். இந்த முறைல அதுதான் குறை. யாராவது ஒருத்தர் பூவோட காயோட செடியப் பறிச்சு, இது இன்னதுன்னு சரியா சொல்லி, முதல்ல உள்ள வச்சிருந்தாதான் மெஷினால திருப்பிச் சொல்ல முடியும். வைக்காதத அது சொல்லாது. நான் தோத்துட்டேன் சம்பந்தி."

ஜெயித்த மூக்கக்கா அந்த நிமிஷத்தில் குதித்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து வரும்போது அதற்கான வசனம்கூடத் தயார் செய்து வைத்திருந்தார். ஆனால் இத்தனை பேர் நடுவில் தெரியாது என்று அவ்வளவு சுலபமாகச் சொன்ன முகத்தைப் பார்த்தபோது, அந்த வசனமே மறந்துபோயிற்று. சம்பந்தியின் கையைப் பிடித்துச் சமையல் மூலைக்குக் கூட்டிப் போனார்.

"அந்த வாரம் எனக்கு ஜலதோஷம்" என்றார். "வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்தது. சும்மா தலைய ஆட்டிட்டேன். தப்பு உங்க மெஷின்ல இல்ல, என் மேலதான்."

சம்பந்தி பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? அது உங்க சரக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கு என் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு. கல்யாணம் நின்னுடுமோன்னு. அந்த ரிப்போர்ட்ட மூணு தடவை எடுத்துப் படிச்சேன், எங்கயாவது ஒரு தப்பு கிடைக்காதான்னு."

"கிடைச்சுதா?"

"ஒரு கமா விட்டுப்போயிருந்தது."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

அந்த வாரமே மூக்கக்கா திரும்பி வந்த மூட்டைகள் அத்தனையையும் கிடங்குத் தரையில் கொட்டினார். தன் ஆட்களை உட்கார வைத்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "காய்க்குச் சின்னதா காம்பு இருந்து, வழவழன்னு இருந்தா நம்மது. காம்பே இல்லாம தண்டோட ஒட்டிக்கிட்டு, சொரசொரன்னு இருந்தா அது சிவப்பு, தனியா போடுங்க." காய் உதிர்ந்து எதுவென்று சொல்ல முடியாத குச்சிகளையெல்லாம் ஒதுக்கச் சொன்னார். நாலு நாள் பிடித்தது. பிரித்த சரக்கிலிருந்து முப்பது குச்சி மறுபடியும் ஒரு நம்பரோடு சோதனைக்கூடத்துக்குப் போயிற்று. இந்த முறை சம்பந்தி அதைத் தொடவில்லை, வேறொருவர் செய்தார். முப்பதும் கீழாநெல்லி. மருந்துக் கம்பெனி லாரி அனுப்பியது. இனி மூக்கக்காவுக்கு மூக்கடைத்தால் அந்த வாரம் சரக்கு எடுப்பதில்லை என்பது கிடங்கின் சட்டமாகிவிட்டது.

அதற்கடுத்த சனிக்கிழமை காலையில் சம்பந்தி போன் செய்தார். "அந்த எட்டாம் நம்பர் எங்க முளைக்குதுன்னு காட்டுவீங்களா? பூவோட வேணும்."

"செருப்பு போட்டு வராதீங்க, ஷூ போட்டு வாங்க. கல்லு குத்தும்."

ரயில் பாதை ஓரத்துக் கல்லாங்காட்டில் இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து, ஒரு சின்னப் பூதக்கண்ணாடியால் தரையைத் துழாவினார்கள். குட்டைச்சியின் பூ கடுகைவிடச் சிறியது. அதைக் கண்டுபிடித்தபோது சம்பந்தி முழங்கால் மண்ணை மறந்து தரையில் படுத்தேவிட்டார். வேரோடு தோண்டி, செய்தித்தாளுக்கு நடுவில் விரித்து, இலையெல்லாம் தட்டையாகப் படியும்படி மூக்கக்கா ஒவ்வொன்றாக நீவிவிட்டார். ஒரு துண்டு இலை தனியாகக் காகித உறைக்குள் போயிற்று. கைப்பைகளுக்குள் இரண்டு போன்களும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன.

"அடையாளச் சீட்டுல ஊர்ல வழங்கற பேருன்னு ஒரு இடம் இருக்கு" என்றார் சம்பந்தி. "என்ன போடட்டும்?"

"குட்டைச்சின்னு போடுங்க. ஊர்லன்னா, நான் ஒருத்திதான் அப்படிச் சொல்றேன்."

"இன்னியிலேருந்து ரெண்டு பேர். சேகரிச்சவர் பேரு?"

மூக்கக்கா தன் முழுப் பெயரைச் சொன்னார். சொல்லி வெகு காலமாகியிருந்ததால் முதலெழுத்தில் கொஞ்சம் தடுமாறினார். சம்பந்தி அதை அழகாக, நிறுத்தி எழுதினார். தாவர இயல் படித்த ஒருவரிடம் காட்டி, புத்தகத்தில் இதற்கு என்ன பெயர் என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். இது ஒன்றும் யாரும் காணாத செடியாக இருக்காது, எழுத்தை மட்டும்தான் யாரும் இதுவரை படித்து வைத்திருக்க மாட்டார்கள் என்றார். இரண்டு வாரத்தில் அப்படியே தெரியவும் வந்தது.

பாதைப் பக்கம் ஒரு கார் வந்து நின்றது. இஞ்சினியரும் பல் டாக்டரும் இறங்கி ஓடி வந்தார்கள். இரண்டு அம்மாக்களையும் காலையிலிருந்து காணவில்லை, போனையும் எடுக்கவில்லை, ரயில் பாதைப் பக்கம் போனார்கள் என்று மட்டும் தையல்காரர் சொல்லியிருந்தார். கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள் என்று அவர்களுக்கு நிச்சயம். தரையில் மண்ணும் தழையுமாகக் கிடந்த இருவரையும் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு முகமே வெளுத்துவிட்டது.

"அம்மா, என்ன ஆச்சு? அத்தைய என்ன சொன்ன?"

"மெதுவா வாம்மா" என்றார் மூக்கக்கா. "அங்கயே நில்லு. உன் காலுக்குக் கீழ ஒண்ணு பூத்திருக்கு."

அவள் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். சம்பந்தி பூதக்கண்ணாடியோடு முழங்காலால் நகர்ந்து அங்கே போனார்.

"அம்மா, கல்யாண மண்டபத்துக்காரர் ரெண்டு மணி வரைக்கும்தான் இருப்பாராம்" என்றான் மகன். "நாலு பேரும் வந்து பாக்கணும்னு சொன்னீங்களே."

"இருப்பார், இருப்பார். நீ முதல்ல அந்தப் பேப்பர் பறக்காம பிடி."

இஞ்சினியர் சுற்றுமுற்றும் பார்த்தான். வேறு வழியில்லாமல், இஸ்திரி போட்ட கால்சட்டையோடு கல்லில் மண்டியிட்டு, செய்தித்தாளின் இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டான். பல் டாக்டர் தன் பையிலிருந்து பல் இடுக்கில் நுழைகிற அளவுக்கு நுணுக்கமான ஒரு இடுக்கியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். அந்தக் கடுகுப் பூவைப் பிடிக்க அது மிகவும் தோதாக இருந்தது.